உலக வனவுயிர் வணிகமும் அதன் காட்சிப்படங்களும்: முந்தற் கரையிலிருந்து ஒரு நோக்கு

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டங்கள் எண்ணப்படும் பகுதியைப் பயின்றோர், புலவர் அங்கே பொருள்களை வெறும் பெயர்ப்பட்டியலாக அடுக்கவில்லை என்பதை அவதானித்திருப்பர். கடல்வழி வந்த குதிரை, வடமலையின் பொன்னும் மணியும், மேற்குமலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடற் பவளம், கங்கையின் விளைவு, காவிரியின் பயன், ஈழத்து உணவு, காழகத்து ஆக்கம் என ஒவ்வொன்றும் தான் புறப்பட்ட இடத்தோடு பிணைத்தே கூறப்படுகின்றது. படிப்போன் மனத்திலே ஒரு நிலப்படம் விரிகின்றது. அதன் நடுவே புகார் நிற்க, எல்லாத் திசைகளிலிருந்தும் கோடுகள் அதனை நோக்கி ஓடுகின்றன. சுங்கங் கொள்வோர் புலிப்பொறி பொறித்துப் பொதிகளைக் கணக்கில் ஏற்றும் செய்தியும் அங்கேயே வருகின்றது. ஆகவே, வணிகத்தைத் திசைகளாகவும் பதிவுகளாகவும் காட்டும் முயற்சி தமிழுக்குப் புதியதன்று.

அம்முயற்சி இன்று கணினித் திரைக்கு இடம்பெயர்ந்துள்ளது. உலகெங்கும் நிகழும் வனவுயிர் வணிகத்தை, பார்ப்போர் தாமே தொட்டும் நகர்த்தியும் வடிகட்டியும் நோக்கத்தக்க காட்சிப்படங்களாக அமைக்கும் வழக்கம் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் வேரூன்றிவிட்டது. கறுத்த பின்னணியில் உலகப்படம்; அதன்மீது வளைந்தோடும் ஒளிக்கோடுகள்; ஓர் உயிரினத்தின் பெயரைத் தெரிந்தால் அதற்குரிய கோடுகள் மட்டும் எஞ்சும்; ஆண்டுக் குமிழை நகர்த்தினால் கோடுகள் தடிக்கும், மெலியும். இப்படங்கள் அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அழகைக் கொண்டு மட்டும் ஓர் ஆக்கத்தை மதிப்பிடுவது திறனாய்வாகாது. ஒரு காவியத்தை நோக்கி எழுப்பப்படும் வினாக்களை இவற்றை நோக்கியும் எழுப்பலாம்: யார் கூறுகின்றார், யாருக்குக் கூறுகின்றார், எதனைக் கூறாது விடுகின்றார் என்பனவே அவ்வினாக்கள். அவற்றை எழுப்புவதற்கு ஓரிடம் வேண்டும். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் நெடுஞ்சாலையுமாகக் கிடக்கும் முந்தல் இங்கு அவ்விடமாகக் கொள்ளப்படுகின்றது.

இக்காட்சிப்படங்கள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் சுருக்கமாக நோக்கலாம். 1786ஆம் ஆண்டில் வில்லியம் பிளேபெயர் என்பார் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளைக் கோடுகளாக வரைந்து ஒரு நூல் வெளியிட்டார். எண்களின் அட்டவணையைக் கண்ணுக்குரிய உருவமாக்கிய முன்னோடி அவர். பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் சார்ள்ஸ் யோசெப் மினார்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனை நிலப்படத்தோடு இணைத்தார். பருத்தி எவ்வளவு எங்கிருந்து எங்கே சென்றது என்பதை அளவுக்கேற்ப அகன்றும் குறுகியும் ஓடும் பட்டைகளாக அவர் காட்டினார். 1858ஆம் ஆண்டின் உலகக் குடிபெயர்வைக் காட்டும் அவரது படம் 1862இல் வெளிவந்தது. இந்தியாவிலிருந்து இந்து சமுத்திரத் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கூலித் தொழிலாளரும் அதிலே ஒரு நிறப்பட்டையாக ஓடுகின்றனர். மனிதர் பருத்தியைப் போலவே பட்டையாக்கப்பட்ட அப்படத்தைத் தமிழ் வாசகர் ஒருவர் நெஞ்சு உறுத்தாது நோக்குதல் அரிது. எனினும் மினார்டிடம் ஒரு நேர்மை இருந்தது. பட்டைகளுக்கு இடம்போதாத விடத்து நிலத்தின் உருவையே சற்று வளைத்தார். தாம் கணித்த முறையையும் தரவு பெற்ற இடங்களையும் படத்தின் ஓரத்திலேயே நீண்ட குறிப்புகளாக எழுதிவைத்தார். படம் பொய்யாகலாம் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே தோன்றுகின்றது.

இன்றைய வனவுயிர் வணிகப் படங்களின் அடித்தளம் பெரும்பாலும் ஒரேயொரு தரவுத்தளமேயாகும். அருகிவரும் காட்டுவிலங்குகள், தாவரங்கள் ஆகியவற்றின் சர்வதேச வணிகம் பற்றிய சமவாயம் 1973 மார்ச்சு 3ஆந் திகதி வாஷிங்டனில் கைச்சாத்தாகி, 1975 யூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. சைற்றிஸ் என்ற சுருக்கப்பெயரால் அது வழங்கும். இலங்கை 1979இல் அதில் இணைந்தது. உறுப்பு நாடுகள் தாம் வழங்கிய அனுமதிப்பத்திரங்களின் விபரங்களை ஆண்டுதோறும் அனுப்ப, அவை கேம்பிரிட்ஜிலுள்ள உலகப் பேணுகைக் கண்காணிப்பு நிலையத்தில் தொகுக்கப்படுகின்றன. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் அங்குள்ளன. அவற்றைப் பார்வையாளர் தாமே துருவி நோக்குவதற்கென ‘வைல்ட்லைஃப் டிரேட்வியூ’ என்னும் காட்சித்தளமும் அமைக்கப்பட்டுள்ளது. கைப்பற்றப்பட்ட கடத்தற் பொருள்களைப் பொறுத்தவரை, 1976இல் தோன்றிய டிராஃபிக் நிறுவனத்தின் வனவுயிர் வணிக வாயில் பலராலும் கையாளப்படுகின்றது.

இவற்றாற் பயனில்லை எனக் கூறுவது நியாயமாகாது. ஒரே ஓர் எடுத்துக்காட்டுப் போதும். பறவைக் காய்ச்சல் காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் காட்டுப் பறவைகளின் இறக்குமதியைத் தடுத்தது. பின்னர் அத்தடை நிரந்தரமாயிற்று. அதன் விளைவை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, ஆண்டுக்கு ஏறத்தாழ 13 இலட்சமாக இருந்த காட்டுப் பறவை வணிகம் 1 இலட்சத்து 30 ஆயிரமளவுக்கு வீழ்ந்ததைக் காட்டியது. அத்தோடு நில்லாது, எஞ்சிய வணிகம் தன் பாதையை மாற்றிக்கொண்டு வேறு நாடுகளை நோக்கித் திரும்பியதையும் காட்டியது. வீழ்ச்சியை ஓர் அட்டவணையும் சொல்லும். ஆனால் பாதை திரும்பியதைக் காண்பதற்கு ஆண்டுகளை முன்னும் பின்னும் நகர்த்தத்தக்க படம் வேண்டும். நதியொன்றை அணைகட்டி மறித்தால் நீர் எங்கே பரவுமென்பதை மேட்டில் நின்று பார்ப்பதற்கு ஒப்பானது அது. இவ்விடத்திலேதான் இவ்வடிவம் தன் தகுதியை நிறுவுகின்றது.

ஆனால் மேட்டில் நிற்போன் கண்ணுக்குப் புலப்படும் நதி வேறு, கரையில் இருப்போன் கால் நனையும் நதி வேறு. முந்தலிலிருந்து இப்படங்களை நோக்குமிடத்து முதலிற் புலப்படுவது ஒரு விந்தை. நாட்டுக்கு நாடு கோடிழுக்கும் படங்களிற் பெரும்பாலானவை ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நடுப்புள்ளியைக் கொண்டு, அதிலிருந்தே கோட்டைத் தொடங்குகின்றன. இலங்கையின் நடுப்புள்ளி தம்புள்ளை, சீகிரியாப் பக்கமாக விழுகின்றது. எனவே இத்தீவிலிருந்து ஹொங்கொங்குக்குப் போகும் கடலட்டை, திரையைப் பொறுத்தவரை, காசியப்பன் குன்றின் அடிவாரத்திலிருந்து வானில் எழுந்து கிழக்கே வளைந்து செல்கின்றது! இது நகைப்புக்கு மட்டும் உரியதன்று. நாடு என்பதே வணிகத்தின் கடைசி அலகு என்னும் எண்ணம் இதனுள் பொதிந்துள்ளது. கரை என்ற ஒன்று, அக்கரையிற் கற்பிட்டி வேறு, உடப்பு வேறு, முந்தல் வேறு என்ற நிலை, இவை யாவும் ஒரு புள்ளிக்குள் ஒடுங்கிவிடுகின்றன. பட்டினப்பாலை ஆசிரியர் தென்கடல், கீழ்க்கடல் என்று இடத்தைப் பிரித்தறிந்த அளவுக்குக்கூட இப்படங்கள் பிரித்தறிவதில்லை.

உண்மையில் அக்கரையின் அமைப்பு எளிமையானதன்று. முந்தற் களப்பு கடலுக்கு இணையாக நீண்டு கிடக்கின்றது. ஒல்லாந்தர் காலத்து வெட்டுவாய்க்கால் அதனை வடக்கே புத்தளம் களப்போடும் தெற்கே சிலாபத்தோடும் இணைக்கின்றது. களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டில் உடப்பு, ஆண்டிமுனை முதலிய தமிழ் மீனவ ஊர்கள் உள்ளன. உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பு நாடறிந்தது. கரைவலையும் சிறுதோணியும் அங்கே வாழ்வின் ஆதாரங்கள். கடலட்டை முந்தற் களப்பின் பொருளன்று. அது கற்பிட்டிக்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட கடலின் பொருள். ஆனால் வடமேற்குக் கரையில் எடுக்கப்படுவன கொழும்பை அடைவதற்குரிய பேலியகொடை–புத்தளம் நெடுஞ்சாலை முந்தல் வழியாகவே செல்கின்றது. உலக வணிகத்தின் ஒரு கண்ணி அவ்வூர்க் கடைத்தெருவைத் தினமும் கடந்து போகின்றது. படத்தில் அதற்கு ஒரு புள்ளியும் இல்லை.

கடலட்டை என்ற பொருளைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். ஏனெனில், காட்சிப்படம் எதனைக் காண்கின்றது எதனைக் காணாது விடுகின்றது என்பதற்கு அதனிலும் சிறந்த உரைகல் இல்லை. தென்னிந்திய, இலங்கைக் கடல்களிலிருந்து சீனத்துக்கு உலர்ந்த கடலட்டை போவது பல நூற்றாண்டு கண்ட வழக்கம். ஜேம்ஸ் ஹோர்னல் 1917இல் சென்னைக் கடற்றொழில் வெளியீடு ஒன்றில் இத்தொழிலின் வரலாற்றை எழுதியுள்ளார். எடுக்கப்பட்ட அட்டையின் குடலை நீக்கி, அவித்து, மணலிற் புதைத்து, மேற்றோலைச் சுரண்டி, மீண்டும் அவித்து, வெயிலில் உலர்த்துவர். இறுதியில் எஞ்சுவது பச்சை எடையின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. ஆகவே கிலோக்கிராம் என்ற அலகில் ஓடும் பட்டை, உலர்ந்ததன் எடையையே காட்டும். கடலடியில் நிகழ்ந்த வெறுமையை அது காட்டாது. பட்டை மெலிந்திருப்பதைக் கண்டு கேடு சிறிதென எண்ணும் பார்வையாளரைக் குறைகூறவும் இயலாது. அவருக்குத் தரப்பட்ட அலகு அத்தகையது. அதே படத்தில் உயிருள்ள ஆமைகள் எண்ணிக்கையாகவும், தந்தங்கள் சிலவேளை எண்ணிக்கையாகவும் சிலவேளை எடையாகவும், தோல்கள் துண்டுகளாகவும் வரும்போது ஒன்றோடொன்று ஒப்பிடுதல் எவ்வாறு? ஒப்பிடத் தூண்டுவதே பட்டையின் இயல்பு. ஒப்பிடவியலாததை ஒப்பிடத் தூண்டும் வடிவம் தன் பார்வையாளரை மெல்ல ஏமாற்றுகின்றது எனல் மிகையன்று.

இதனினும் ஆழமான குறை வேறொன்றுண்டு. சைற்றிஸ் தரவுத்தளம் அச்சமவாயத்தின் பட்டியல்களில் இடம்பெற்ற உயிரினங்களை மட்டுமே அறியும். பாலூட்டி அட்டை எனத்தக்க வகைகள் மூன்று 2019இல் ஜெனீவா மாநாட்டில் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2020 ஓகத்து முதல் கணக்குக்கு வந்தன. அன்னாசி அட்டை அடங்கிய பேரினம் 2022இல் பனாமா மாநாட்டில் சேர்க்கப்பட்டு 2024 மே முதல் கணக்குக்கு வந்தது. ஆனால் வடமேற்குக் கரையிலும் வடக்கிலும் பெயர்பெற்ற வெள்ளை அட்டை, சிங்கள வணிகர் யாழ்ப்பாணத்தின் பெயராலும் அழைக்கும் அட்டை, அவ்விரு மாநாடுகளிலும் பட்டியலேறவில்லை. இயற்கைப் பேணுகைக்கான சர்வதேச ஒன்றியம் அதனை 2013இலேயே அழியும் ஆபத்துள்ள இனமாக வகுத்துவிட்டது. எனினும் அந்த ஆண்டுகளின் சைற்றிஸ் படத்தில் வெள்ளை அட்டை ஓர் அணுவளவும் இல்லை. திரையின் கறுத்த வெளி, வணிகம் நிகழாத வெளியா, பதிவு நிகழாத வெளியா என்பதைப் பார்வையாளர் பகுத்தறிய வழியில்லை. இரண்டுக்கும் ஒரே கறுப்பு.

சுங்கக் கணக்கை நாடினாலும் நிலைமை பெரிதும் வேறன்று. உலக நாடுகள் பொதுவாகக் கையாளும் சுங்கக் குறியீட்டு முறையிலே 2012ஆம் ஆண்டு வரை கடலட்டைக்கெனத் தனியான வரிசை கிடையாது. சிப்பி, கணவாய் முதலியவற்றோடு ஒரே தலைப்பின் கீழ் அது அடங்கிக் கிடந்தது. ஆயிரம் ஆண்டு வணிகம் ஒன்றுக்கு 2012இலே பெயர் கிடைத்தது. அதன்பின்னும் உயிருடன், உறைந்தது, உலர்ந்தது என்ற பிரிவுகளேயன்றி இனப் பிரிவு இல்லை. வெள்ளை அட்டையும் நரி அட்டையும் அங்கே ஒன்று. விலையில் அவை மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடுடையன என்பதைக் கரையோரத்துச் சிறுவரும் அறிவர். உலகத் தரவுத்தளம் அறியாது. 2012ஆம் ஆண்டில் ஒரு கோடு திடீரெனத் தோன்றுவதைக் காட்சிப்படத்திற் காண்போர், அவ்வாண்டில் ஒரு புது வணிகம் பிறந்ததென்றே கொள்வர்.

இனிக் கைப்பற்றல்களைக் காட்டும் படங்கள். சட்டபூர்வமான வணிகத்தை ஒளிக்கோடுகளாகக் காட்டும் மரபுக்கு மாறாக, கடத்தலைச் செம்புள்ளிகளாகக் காட்டும் மரபொன்று உருவாகியுள்ளது. மன்னார் வளைகுடாவும் பாக்கு நீரிணையும் இவ்வகைப் படங்களிற் செம்மையேறித் தோன்றுவன. காரணம் வெளிப்படையானது. இந்தியா 2001இல் எல்லாக் கடலட்டை இனங்களையும் தனது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் பட்டியலிற் சேர்த்தது. யானைக்கும் புலிக்கும் உரிய காவல் அட்டைக்கும் உரித்தாயிற்று. இலங்கையிலோ அனுமதிப்பத்திரம் பெற்று அதனை எடுக்கலாம், விற்கலாம். ஒரே கடல், ஒரே உயிர். மேற்கே எடுப்பவன் குற்றவாளி, கிழக்கே எடுப்பவன் தொழிலாளி. இந்த வேறுபாடே கடத்தலுக்கு ஊற்றாயிற்று. மேற்கே எடுக்கப்பட்டவை இரவில் கிழக்கே வந்து, அனுமதிபெற்ற சரக்கோடு கலந்து, முறையான ஏற்றுமதியாகப் புறப்பட வழியுண்டு. காட்சிப்படத்தின் மொழியிற் கூறின், செம்புள்ளியொன்று கடல் கடந்ததும் ஒளிக்கோடாகிவிடுகின்றது. இவ்விரண்டையும் இரு வேறு படங்களிற் காட்டுவோர், அவை ஒரே சரக்கின் இரு நிலைகள் என்பதைப் பார்வையாளருக்கு மறைத்துவிடுகின்றனர்.

ஓஷன்ஸ் ஏசியா என்னும் அமைப்பு 2021இல் வெளியிட்ட ஆய்வு, 2015 முதல் 2020 வரை இரு நாடுகளிலும் ஏறத்தாழ 65 மெட்ரிக் தொன் கடலட்டை கைப்பற்றப்பட்டதாகவும் அதன் பெறுமதி 28 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்டதெனவும் கணித்தது. பயனுள்ள உழைப்பு அது. ஆயினும் கைப்பற்றல் என்பது கடத்தலின் அளவுகோல் அன்று. காவலின் அளவுகோலும் அதனுள் கலந்துள்ளது. கடற்படை விழித்திருக்கும் கரை செம்புள்ளிகளால் நிறைகின்றது, உறங்கும் கரை தூய்மையாகத் தோன்றுகின்றது. இத்துறையிலுள்ளோர் யாவரும் இதனை அறிவர். தம் அறிக்கைகளில் எழுதியும் வைப்பர். ஆனால் அவ்வெச்சரிக்கை அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்க, படம் மட்டும் தனியே பயணம் செய்கின்றது. மினார்ட் தம் குறிப்பைப் படத்தின் மீதே எழுதியதன் அருமை இங்கேதான் விளங்கும்.

இலங்கை முழுவதற்கும் இவ்வாறு ஒரு பெயர் ஒட்டிக்கொண்ட நிகழ்ச்சியும் உண்டு. 2012இல் கொழும்புத் துறைமுகத்தில் 359 ஆபிரிக்க யானைத் தந்தங்கள், ஏறத்தாழ ஒன்றரைத் தொன், கைப்பற்றப்பட்டன. கென்யாவிலிருந்து துபாய்க்குப் போகும் வழியில் அவை இங்கு அகப்பட்டன. 2016 சனவரி 26இல் காலிமுகத்திடலில் அவை பகிரங்கமாக நொறுக்கப்பட்டன. உயிர்நீத்த யானைகளுக்காகச் சமயக் கிரியைகளும் இடம்பெற்றன. இத்தீவிற் பிறந்தவையுமல்ல, இத்தீவுக்கென வந்தவையுமல்ல அத்தந்தங்கள். நாடுகளைக் கைப்பற்றிய எடையின்படி நிறந்தீட்டும் படத்திலோ இலங்கை அவ்வோராண்டில் இருண்டு கறுக்கும். செய்தது பிடித்தல், கிடைத்தது கறுப்பு.

ஊடாடல் என்ற சொல்லையே இனி வினாவுக்கு உட்படுத்தலாம். இக்காட்சிப்படங்களின் பெருமையெல்லாம் பார்வையாளர் அவற்றோடு ஊடாடலாம் என்பதே. முழுமையை முதலிற் காட்டு, பின் நெருங்கவும் வடிகட்டவும் விடு, கேட்டபோது விபரம் கொடு என்னும் நெறியை பென் ஷ்னைடர்மன் 1996இல் வகுத்தார்; இன்றுவரை அதுவே இத்துறையின் இலக்கணமாக விளங்குகின்றது. ஆனால் நெருங்குவதற்கும் வடிகட்டுவதற்கும் உரிமை பெற்றவர் யார்? சைற்றிஸ் சமவாயத்தின் தொழில்மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, இசுப்பானியம். தமிழிலோ சிங்களத்திலோ அத்தளத்தைத் திறக்க இயலாது. தேடற் பெட்டியிலே அன்னாசி அட்டை, நூல் அட்டை, நரி அட்டை என்று எழுதினால் எதுவும் கிட்டாது. இலத்தீன் பெயர் வேண்டும். கடலடியில் மூச்சடக்கியும் காற்றுக்கலம் சுமந்தும் அவ்வுயிரைக் கையால் தொட்டெடுக்கும் சுழியோடிக்கு அதன் படத்தைத் தொட வழியில்லை. ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுந்தமையால் அங்கம் முடங்கியோர் கரையோர ஊர்களில் உள்ளனர். அவர்களைப் பற்றிய தரவு எந்தத் திரையிலும் ஒரு நிறமாகவேனும் வருவதில்லை. பார்ப்போர் வினவலாம், வினவப்படுவோர் மறுமொழி கூறவியலாது. இதனை ஊடாடல் என்பதிலும் பலகணி வழி நோக்கல் என்பது பொருந்தும்.

இங்கே மீண்டும் பட்டினப்பாலையை நினைவுகூர்வது பயன்தரும். பண்டங்களைத் திசைதோறும் எண்ணிய அதே புலவர், அதே பாட்டிலே பரதவரின் சேரியையும் காட்டுகின்றார். முழுமதி நாளில் அவர்கள் கடலுக்குப் போகாது, சினைச்சுறாவின் கொம்பை நட்டு, அதில் உறையும் தெய்வத்தை வழிபட்டு, உண்டு களித்து ஆடுகின்றனர். கொம்புடைய சுறா எனின் அது வேளாச் சுறாவாதல் வேண்டும். அவ்வுயிர் இன்று சைற்றிஸ் சமவாயத்தின் முதலாம் பட்டியலில் உள்ளது. 2007இலும் 2013இலும் அதன் இனங்கள் யாவும் அங்கு சேர்க்கப்பட்டன. இலங்கைக் கரைகளில் அண்மையில் மீனவரை நேரிற் கண்டு வினவிய ஆய்வில், அதனைக் கண்ட நினைவு முதியோரிடமே மிகுதியாக இருந்தது. இளையோரிற் பெரும்பாலார் கண்டதேயில்லை. அனுமதிப்பத்திரக் கணக்கில் இத்தகைய இழப்புக்கு இடமேது? வணிகம் நின்றது என்று மட்டும் படம் சொல்லும். பொருளே இல்லாமையால் நின்றதா, சட்டத்தால் நின்றதா என்பதைக் கரையோரத்து முதியவர் ஒருவரின் நினைவுதான் சொல்லும். சங்கப் புலவரின் பாட்டிலே சுங்கமும் சேரியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்க, நம் காலத்துப் படத்திலே சுங்கம் மட்டும் நிற்கின்றது.

இவ்வாறு கூறுவதனால் படங்களைக் கைவிட்டு அட்டவணைகளுக்குத் திரும்பவேண்டும் என்பது கருத்தன்று. அட்டவணையும் இதே குறைகளையுடையது. அதன் குறை கண்ணுக்கு இனிமையாயிராமையால் எளிதில் நம்பப்படுவதில்லை, அவ்வளவே. செய்யத்தக்கன சில உள. கோட்டை நாட்டின் நடுவிலிருந்து தொடங்காது, ஏற்றுமதித் துறையிலிருந்தோ, அறியக்கூடிய விடத்துக் களப்பிலிருந்தும் கரையிலிருந்துமோ தொடங்கலாம். பதிவில்லாத வெளியைக் கறுப்பாக விடாது, பழைய நில அளவையாளர் அளக்கப்படாத நிலத்தைக் காட்டியதுபோலக் கோடிட்டுக் காட்டலாம். ஏற்றுமதி நாடு சொன்ன தொகையும் இறக்குமதி நாடு சொன்ன தொகையும் முரண்படும்போது, ஒன்றைத் தெரிந்து மற்றதை ஒளிக்காது இரண்டையும் அருகருகே ஓடவிடலாம். சைற்றிஸ் பதிவுகளில் இம்முரண் சாதாரணம். வழங்கிய அனுமதியை ஒரு நாடும் உண்மையில் வந்துசேர்ந்ததை இன்னொரு நாடும் எழுதுவதால் விளைவது அது. முரணே சில இடங்களில் முக்கியமான செய்தியாகும். ஊர்ப்பெயர்களை ஏற்றுவதோ மிக எளிது. கடற்றொழில் ஆய்வாளர் உள்ளூர்ப் பெயர்களை நெடுங்காலத்துக்கு முன்பே தொகுத்துவைத்துள்ளனர்.

இம்மாற்றங்கள் ஏன் உடனடித் தேவையாகின்றன என்பதற்கு ஒரு வரலாற்றுச் சந்தர்ப்பமும் உண்டு. மேற்குறித்த ஜெனீவா மாநாடு முதலில் கொழும்பிலே நடைபெறவிருந்தது. 2019 மே மாத இறுதியில் உலக நாடுகளின் பிரதிநிதிகள் இங்கு கூடவிருந்தனர். ஏப்ரல் 21இல் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளை அடுத்து அது பிற்போடப்பட்டு, ஓகத்தில் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. கடலட்டை பற்றியும் நட்சத்திர ஆமை பற்றியும் தீர்மானித்த அம்மாநாடு இம்மண்ணில் நடந்திருப்பின், புத்தளக் கரையின் குரல் மண்டபத்துக்குள் எட்டியிருக்கும் எனத் துணிந்து கூறவியலாது. ஆனால் வந்தோர் ஒரு நாட் பயணத்தில் அக்கரையைக் காணத்தக்க தொலைவில் இருந்திருப்பர். ஜெனீவாவில் அவர்கள் கண்டவை அறிக்கைகளும் படங்களுமே. ஓர் உயிரினம் பட்டியலேறுவதும் ஏறாததும், அதனால் ஒரு கரையின் தொழில் அனுமதியிழப்பதும் நிலைப்பதும் இத்தகைய படங்களின் முன்னிலையிலே தீர்மானிக்கப்படும் காலம் வந்துவிட்டது. படம் என்பது இனி வெறும் விளக்கக் கருவியன்று. அது ஒருவகைச் சாட்சி. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை அதனாற் பாதிக்கப்படுவோர்க்கு வேண்டும்.

முந்தலுக்கு இவ்விடயத்தில் ஒரு கசப்பான முன்னனுபவமும் உண்டு. 1980களில் வடமேற்குக் கரையில் இறால் வளர்ப்புப் பரவியபோது ஏற்றுமதிக் கணக்கின் கோடு ஏறுமுகமாகவே இருந்தது. கண்டற் காடுகளும் களப்போரங்களும் குளங்களாக வெட்டப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது, கோடு வீழ்ந்தது. வீழ்ந்த கோட்டைக் காட்சிப்படம் துல்லியமாகக் காட்டும். நீர் வற்றி உப்பேறிக் கைவிடப்பட்ட குளங்கள் களப்போரத்திற் கிடந்ததையும், வெட்டுவாய்க்கால் வழியே நோய்நீர் ஒரு பண்ணையிலிருந்து மறு பண்ணைக்குப் பரவியதையும் எந்த ஏற்றுமதிப் படமும் காட்டியதில்லை. ஏறும்போது கரையைக் காணாத கோடு, இறங்கும்போதும் கரையைக் காண்பதில்லை.

இப்போது இறாலின் இடத்துக்குக் கடலட்டைப் பண்ணைகள் வருகின்றன. கற்பிட்டிப் பக்கமும் வடக்கிலும் குஞ்சு பொரிக்கும் நிலையங்களும் கடலில் அடைப்புகளும் எழுந்துள்ளன. கிளிநொச்சி மாவட்டத்துக் கிராஞ்சியில் 2022இல் மீனவர்கள் தம் மீன்பிடிப் பரப்பு அடைபடுவதை எதிர்த்துப் பல நாட்கள் தொடர்ந்து போராடினர். வேறிடங்களில் சிலர் அதனை வரவேற்கின்றனர். காட்டுவளத்தின் மீதான நெருக்குதல் குறையும் என்னும் வாதமும் உண்டு. எது சரியென்பதை அறிய, அனுப்பப்படும் சரக்கில் எவ்வளவு கடலில் எடுத்தது, எவ்வளவு அடைப்பில் வளர்த்தது என்று தெரிதல் வேண்டும். சைற்றிஸ் பதிவிலாயின் காட்டிலிருந்து வந்ததற்கு ஓர் எழுத்தும் வளர்ப்பிலிருந்து வந்ததற்கு வேறோர் எழுத்தும் உண்டு. பட்டியலேறாத வெள்ளை அட்டைக்கு அவ்வெழுத்துகள் உதவா. எஞ்சுவது சுங்கக் குறியீடு. அதிலே உலர்ந்த கடலட்டைக்குரிய வரிசை ஒன்றே; பண்ணை அட்டையும் கடல் அட்டையும், கிழக்கில் எடுத்ததும் மேற்கிலிருந்து இரவில் வந்ததும், அதனுள் ஒரே எடையாக ஏறுகின்றன.